ஆட்சேபணை இல்லை

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஆபீசில் ஒரு சின்ன சமாசாரம், பயப்பட வேண்டாம். ஆஸ்பத்திரிகள் புதிய கருவிகளை வாங்கலாமா என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவதுதானே எங்கள் வேலை? இந்த முறை நோயாளியின் மணிக்கட்டில் கட்டும் கருவி. நாடித் துடிப்பை அதுவே நர்சுக்குச் சொல்லிவிடும். செலவையும் துல்லியத்தையும் மற்றவர்கள் பார்த்தார்கள். நோயாளிகளுக்கு அது நியாயமா என்று பார்த்து எழுதும் பக்கம் மட்டும் என் தலையில் விழுந்தது.

சோதனைக்காகக் கருவி கட்டியிருந்த வார்டுக்குப் போனேன். அங்கே படுத்திருந்த ரிட்டயரான டிரைவர் ஒருவர் சொன்னார்: "இதைக் கட்டினதுலேருந்து என் பக்கத்துல யாரும் வர்றதில்ல தம்பி. பேசி நாலு நாளாச்சு."

அதை அப்படியே எழுதினேன். மேலதிகாரி சிரித்தார். "இந்த அழுகையெல்லாம் அறிக்கையில எதுக்குப்பா? ஆட்சேபணை இல்லைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. வேலை வேணும்ல?"

போட்டேன் அப்பா. நீங்கள் வளர்த்த பிள்ளைதான் போட்டேன்.

இப்போது எல்லா வார்டிலும் அந்தக் கருவி. நர்சுகளில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். டிரைவரைப் பார்க்கப் போக எனக்கு முகமில்லை.

வேறொன்றுமில்லை. நம் டெய்லரிடம் இரண்டு சட்டை தைத்து அனுப்புங்கள். பழைய மார்பளவில் இரண்டு இஞ்ச் குறைக்கச் சொல்லுங்கள். அம்மா ஏன் என்று கேட்டால், இங்கே இதுதான் ஃபேஷன் என்று சொல்லிவிடுங்கள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகன்