வாத்தியார் எழுதிய டெலியா

கார்னா,
ஏப்ரல் 4, 1910.

என் அருமைத் தங்கை கிட்டிக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் அதை விட்டுவிடுகிறேன். நீ அனுப்பிய தொப்பி வந்தது. பாஸ்டனில் இதைப் போட்டுக்கொண்டு எப்படித்தான் தெருவில் நடக்கிறீர்களோ, இங்கே கோழிகளெல்லாம் மிரண்டு ஓடுகின்றன. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு மட்டும் சோம்பாமல் உடனே பதில் போடு. இந்த மாதம் முடிவதற்குள் அது என் கைக்கு வந்தாக வேண்டும். காரணம் சொல்கிறேன்.

குழந்தை போன பிறகு நாலு மாதம் எனக்குப் பேச்சே வரவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? கடற்கரையில் போய் நிற்பேன், திரும்பி வந்து ரொட்டி சுடுவேன், அவ்வளவுதான். அப்போதெல்லாம் பள்ளிக்கூட வாத்தியார் ஃபேஹி எங்கள் அடுப்போரம் உட்கார்ந்து உன் அத்தான் கோல்மனோடு பேசிக்கொண்டிருப்பார். பேச்சு அங்கே, கண் என் மேல். டப்ளின் பத்திரிகைக்கு அவர் கதை எழுதுகிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்தவர்களை உட்காரவைத்து, என் வீட்டிலேயே அந்தக் கதையை வாசித்தார். குழந்தையை இழந்த ஒருத்தியை மலைக்குள் இருக்கும் மாயக் கூட்டத்தார் தூக்கிப்போய்விடுகிறார்கள். அவள் உருவத்தில் வேறொன்றை அடுப்போரம் விட்டுவிட்டுப் போகிறார்கள். அதற்கு என் சாம்பல் நிறச் சால்வை, என் நொண்டல், நூலைப் பல்லால் கடிக்கும் என் வழக்கம். "அப்படியே நம்ம டெலியாதான்!" என்று எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன், மடச்சி. கடைசியில் புருஷன் நெருப்பைக் காட்டி அதை விரட்டுகிறான்.

கதை முழுக்க அந்த அடுப்போரத்தில் இருப்பவள் ஒரு வார்த்தை பேசவில்லை, கிட்டி. ஏன் என்று கேட்டேன். "அவ வாயத் திறந்தா கதை கெட்டுப்போயிடும் டெலியா" என்றார் வாத்தியார். "ஒரு வார்த்த பேச விட்டிருந்தா நெருப்புக்கே வேலை இருந்திருக்காதே வாத்தியாரே" என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது. பிள்ளைகள் என்னைக் கண்டால் சுவரேறிக் குதித்து ஓடுகிறார்கள். பக்கத்து வீட்டு ஹோனர் பச்சிலைக் கஷாயத்தோடு வந்து, "இத குடிச்சிட்டு எங்க டெலியாவ அனுப்பிவைம்மா" என்று என்னிடமே கெஞ்சுகிறாள். உன் அத்தான் வாசற்படிக்குக் குறுக்கே இரும்பு இடுக்கியைப் போட்டிருக்கிறார், மலைக்குள் இருப்பவர்கள் இரும்பைத் தாண்டமாட்டார்களாம். பதினோரு வருஷம் "ஏ புள்ள" என்று கூப்பிட்டவர் இப்போது என்னை "நீங்க" என்கிறார். "அவள எங்க வச்சிருக்கீங்க? குடுத்துருங்க" என்று என் முகத்தைப் பார்த்தே அழுகிறார். அந்த மரியாதைதான் எனக்குக் குலை நடுக்கமாக இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கதையில் வரும் அது உப்புப் போட்ட எதையும் தொடாது. போன வாரத்திலிருந்து உப்பை வாயில் வைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. வாளித் தண்ணீரில் குனிந்தால், என் முகம் சற்றுத் தாமதித்துத்தான் வருகிறது.

மே பிறப்பதற்கு முந்தின நாள் மலையின் கதவு திறக்குமாம். அன்றைக்கு உன் அத்தானும் அவர் அண்ணன்மார் இருவரும் என்னை அடுப்பின் முன் நிறுத்தப்போகிறார்கள். பாதிரியாரிடம் போனேன். புருஷன் மனம் கோணாமல் நடக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். தப்ப ஒரே ஒரு வழி வைத்திருக்கிறார் உன் அத்தான். சிறுவயதில் நீ எனக்கு ஒரு செல்லப் பெயர் வைத்திருந்தாயாம். கல்யாணமான புதிதில் நானே அவரிடம் சொன்னேனாம். "அந்தப் பேரச் சொல்லிருங்க, நெருப்ப அணைச்சிடுறேன்" என்கிறார்.

நாலு நாளாக யோசிக்கிறேன். உனக்கு அம்மை போட்டது நினைவிருக்கிறது. அம்மா கண்மூடிய காலை, கப்பலேறும்போது உன் காலணியின் வார் அறுந்தது, எல்லாம் நினைவிருக்கிறது. அந்தப் பெயர் மட்டும் வரவில்லையடி.

மாதா உன்னையும் உன் பிள்ளைகளையும் காக்கட்டும். அந்தப் பெயரை எழுதி அனுப்பு. இதை எழுதுவது உன் அக்காதானா என்று உனக்கே சந்தேகம் வந்தாலும் அனுப்பு. நான் யாராக இருந்தாலும் நெருப்பு சுடும், கிட்டி.

என்றும் உன் அக்கா,
டெலியா