கைதட்டல் வாங்கிய விண்ணப்பம்

மச்சான்,

இன்று காலை லாவ்பான் மறுபடியும் டிவியைப் போட்டுவிட்டார். நீ போனதிலிருந்து அது இருண்டே கிடந்தது. போட்ட உடனே அதே நிகழ்ச்சி, அதே கைதட்டல். மேசையில் வறுத்த சூரியகாந்தி விதைப் பொட்டலத்தையும் பிரித்து வைத்துக்கொண்டார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு வேலை ஓடவில்லை. பெட்டிகளுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, உனக்கு இதை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

முதலாளியை அவர் மொழியிலேயே லாவ்பான் என்று கூப்பிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தவனே நீதான். துபாய் ஓரத்தில் சீனச் சரக்கு விற்கும் இத்தனை பெரிய சந்தையில், நம் விளக்குக் கடையில் மட்டும் நாள் முழுக்க சீன டிவி ஓடும். பளபளக்கும் கோட்டுப் போட்ட ஒருவர் நட்சத்திரங்களை சோபாவில் உட்காரவைத்து வம்பு இழுப்பார். காதல் பற்றிக் கேட்டால் நழுவுகிறவர்களுக்குப் பாகற்காய்ச் சாறு தண்டனை. நமக்கு ஒரு எழுத்தும் புரியாது. நீ சும்மா இருப்பாயா? விளக்குத் துடைத்துக்கொண்டே வசனம் சொல்வாய்.

"இந்தப் பொண்ணு ஏன் அழுவுது தெரியுமா மாப்ள? பட்டுக்கோட்டை பஸ்ஸ விட்டுடுச்சாம்."

"அவரு என்ன சொல்றாரு?"

"அதிராம்பட்டினத்துக்கு வா, எங்க ஊட்டுல பிரியாணி இருக்குங்குறாரு."

உன் ஊரும் என் ஊரும் அந்த நடிகையின் கண்ணீரில் சேர்ந்துவிடும். அப்படிச் சிரித்துச் சிரித்தே நீ மொழியைப் பிடித்துக்கொண்டாய். சந்தையில் மற்றவர்கள் விலையும் அளவும் சொல்லத்தான் சீனம் கற்றார்கள். நீ கற்றதெல்லாம் அந்தக் கோட்டுக்காரரிடம். வாக்கியம் வரும்போதே அவருடைய ராகமும் வரும், கை தானாக நீளும், புருவம் உயரும். வாங்க வந்த சீனர்கள் உன்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள், கூடவே விளக்கும் வாங்கினார்கள். லாவ்பானுக்குத் தலைகால் புரியவில்லை. உன் இடம் டிவிக்குப் பக்கத்தில் என்று முடிவாயிற்று. அன்றைக்கு நமக்கு அது பெரிய மரியாதையாகத்தான் தெரிந்தது.

ஒரு முறை லீவு முடிந்து நீ வந்தபோது முகமே சரியில்லை. அஜ்மானில் நாம் தங்கியிருந்த ரூமில் டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். உன் மகள் நேரில் இருக்கும் உன்னிடம் பேச வெட்கப்பட்டு, அடுத்த அறைக்குப் போய் அங்கிருந்து வீடியோ கால் போட்டாளாம். "வாப்பான்னா ஃபோனுக்குள்ள இருக்க ஆளுன்னு பதிஞ்சு போச்சு மாப்ள. போதும். நான் கேன்சல்ல போறேன்." விசாவை ரத்து செய்துகொண்டு ஒரேயடியாக ஊருக்கு. அதன் பிறகு உனக்கு வேறு நினைப்பே இல்லை.

லாவ்பானிடம் நீயே கேட்டாய். அவர் மொழியில் கேட்டால் மனம் இளகும் என்று உன் கணக்கு. ஆனால் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்ல உனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: நிகழ்ச்சி முடியும்போது கோட்டுக்காரர் விருந்தாளிகளை வழியனுப்பும் விதம். அதே ராகம், அதே கையசைப்பு. லாவ்பான் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். மனைவியைக் கூப்பிட்டார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லி ஃபோனில் படம் பிடித்தார். நீ சொன்னாய். கைதட்டினார்கள். வேனில் வரும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு, "அவரு சிரிச்சாரா, நானும் சிரிச்சுட்டேன்டா," என்றாய். எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது.

மறுமுறை சிரிக்காமல் கேட்டாய். குரல் உடைந்தது. நிகழ்ச்சியில் நட்சத்திரங்கள் அழுகிற கட்டம் ஒன்று வருமே, அதை நடிக்கிறாய் என்று நினைத்து, கோட்டுக்காரரைப் போலவே அவர் உனக்கு டிஷ்யூ பெட்டியை நீட்டினார்.

"இந்த வாயால கேட்டா வேலைக்கு ஆவாது. ஃபோன்ல மொழிபெயர்த்துக் காட்டு," என்று நான்தான் சொன்னேன். காட்டினாய். படித்ததும் அவர் சிரிப்பு நின்றது. உன் தோளில் கை போட்டு, நீ இல்லாவிட்டால் கடையே இல்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். கெட்ட மனுஷன் என்றால் சண்டை போட்டிருக்கலாம். அவர் உன்மேல் உயிரையே வைத்திருந்தார். அடுத்த வருடமும் அதையேதான் சொன்னார்.

லீவில் போய்த் திரும்பாமல் இருந்துவிடலாமே என்று யாரும் கேட்பார்கள். நம் கடையின் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. ஒருவன் லீவில் போனால் இன்னொருவன் ஜாமீன் நிற்க வேண்டும். போனவன் வந்து சேரும்வரை நின்றவனின் பாஸ்போர்ட் லாவ்பானின் அலமாரியில். உனக்கு நான், எனக்கு நீ. கடைசி முறை ஏர்போர்ட் வாசலில் உன் பெட்டியை இறக்கிவிட்டுச் சொன்னேன், "போனா வராதடா. நான் எப்புடியாச்சும் சமாளிச்சுக்குறேன்."

"நீ மாட்டிக்குவ. பேசாம ரூமுக்குப் போ."

சொன்ன தேதியில் வந்து நின்றாய். உன்னைப் பார்த்ததும் எனக்கு அழுகையாக வந்தது. மனதின் ஓரத்தில் ஒரு நிம்மதியும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குக் குளித்துவிட்டுச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாய். அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாய், சாய்ந்தாய். நான் கத்தியது கீழ்த்தளம்வரை கேட்டதாம். உனக்குக் கேட்கவில்லை. நீ வருடக்கணக்காகக் கெஞ்சிய கேன்சல், உன்னைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றதும் ஒரே நாளில் கிடைத்தது. லாவ்பான் கல்லாவுக்கு முன்னால் நின்று குழந்தை மாதிரி அழுதார். உன்னோடு போகச் சொல்லி, அலமாரியில் இன்னும் கிடந்த என் பாஸ்போர்ட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். ஜாமீன் கேட்கவில்லை. எனக்காக நிற்க யார் இருக்கிறார்கள்?

திருச்சியில் இறங்கி, உன்னை உன் ஊர்ப் பள்ளிவாசல் மண்ணில் விட்டுவிட்டு, பட்டுக்கோட்டையில் என் வீட்டுத் திண்ணையில் சாய்ந்து படுத்திருந்தேன். பாஸ்போர்ட் என் சட்டைப் பையில். லாவ்பானின் அலமாரியில் யாருடைய பாஸ்போர்ட்டும் எனக்காக மாட்டிக்கொண்டு இல்லை. திரும்பாமல் இருந்திருந்தால் கேட்பாரில்லை. என் மனைவி அதைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆனால் லீவு முடியும் நாள் நெருங்க நெருங்க, சொன்ன தேதியில் நீ வந்து நின்றதே என் கண்ணில் நின்றது. கடைசியில் பெட்டியைக் கட்டினேன். பஸ் ஸ்டாண்டுவரை வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எதுக்குங்க போறீங்க?"

"போகலன்னா அங்க ஒருத்தன் மாட்டிக்குவான்."

"யாரு?"

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். அவளுடைய அந்தக் கேள்வியோடுதான் தினமும் அஜ்மானிலிருந்து வேன் ஏறுகிறேன் மச்சான்.