பனிமலையில் யார் மேலே, யார் கீழே

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பெரியவனும் சின்னவளும் இருமல் சளி என்று எதுவும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுந்திருந்தால் அதுவே எனக்குப் போதும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருக்கிறார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எப்படிப் பேசுவது? அதோடு நான் போன வாரம் பார்த்துவிட்டு வந்ததை வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுகை வந்துவிடுகிறது. உன் அண்ணியிடம் சொல்லப் போய் அவள் பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எழுதினால் நிறுத்தி நிறுத்தி எழுதலாம் இல்லையா.

நீ முதலில் அந்தப் பனிமலைத் திட்டத்தைச் சொன்னபோதே எனக்குத் தலை சுற்றியது. ஒரு வாரம், எட்டுப் பேர், உங்கள் வீட்டில் நாலு பேரும் சறுக்குவீர்கள், இங்கே நாலு பேருக்கும் பனி என்றால் குளிர்சாதனப் பெட்டியில் படிவதுதான் தெரியும். எல்லோருக்கும் பொழுது போக வேண்டும், யாரும் யாருக்காகவும் காத்துக் கிடக்கக் கூடாது, ராத்திரி சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்கார வேண்டும் என்று நீ அடுக்கிக்கொண்டே போனாய். ஆனால் இந்தக் கீழ்த்தள வீட்டில் எட்டுப் பேர் படுக்க இடமில்லை என்பதும், அப்பா பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த பிறகு நீ அவரை நேரில் பார்க்கவே இல்லை என்பதும், உனக்குக் கிடைக்கிற லீவு அந்த ஒரு வாரம்தான் என்பதும் எனக்குத் தெரியாதா? அதனால் சரி என்றேன். ஆஸ்பத்திரியில் அத்தனை வருஷம் வார்டுக்கு ட்யூட்டி போட்டவள், எட்டுப் பேருக்குப் போட முடியாதா என்று உட்கார்ந்து ஒரு பெரிய தாளில் கோடு போட்டேன். முதல் நாள் யாரும் சறுக்கக் கூடாது, பயணக் களைப்பு தீர்ந்து உடம்பு மலைக்காற்றுக்குப் பழக வேண்டும். நடுவில் ஒரு நாள் எல்லோருக்கும் ஓய்வு, உங்களுக்குத் தொடை வலிக்கும். அண்ணிக்கு வெந்நீர்க் குளம், கடைத்தெரு. அண்ணன் சறுக்கக் கற்றுக்கொள்ளப் போகிறானாம், வீட்டுக் குளியலறையிலேயே வழுக்கி விழுகிறவன், அவனைக் கற்றுக்குட்டிகள் சரிவில் சின்னக் குழந்தைகளோடு விட்டேன். அப்பாவுக்கு அடிவாரத்து விடுதியில் கண்ணாடி அறை, சாய்வு நாற்காலி, கம்பளி. எந்த நேரத்திலும் அப்பா பக்கத்தில் ஒருவர் இருக்கிற மாதிரி முறை வைத்து எழுதினேன். எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது.

அப்பா அந்தத் தாளை வாங்கி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “நைட் ட்யூட்டி யாருக்கு சிஸ்டரம்மா?” என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்” என்றார். இந்த வீட்டில் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது சொல். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவரும் நாலு ஸ்கூட்டரும். கையில் தடியோடு பேரப் பிள்ளைகள் முன்னால் நிற்க வெட்கப்படுகிறார் போல என்று நான் நினைத்தேன். நீயோ, அப்பா வராவிட்டால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுவேன் என்று ஒரே பிடியாக நின்றாய். அப்பனுக்குத் தப்பாத மகள். விடுதிக்காரர்களுக்கு இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், நடுவில் நான் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கினேன்.

சரி, நேரில் போய்ப் பார்ப்போம், கண்ணால் பார்க்காத வார்டுக்கு நான் என்றைக்கும் ட்யூட்டி போட்டதில்லை என்று அண்ணனை வண்டி எடுக்கச் சொன்னேன். துணைக்கு வாங்க, எனக்கு வண்டியில் குமட்டும் என்று ஒரு பொய்யும் சொல்லி அப்பாவையும் ஏற்றிக்கொண்டேன். எனக்கு எந்த வண்டியிலும் குமட்டாது என்பது அவருக்கும் தெரியும், வந்துவிட்டார். விடியற்காலையில் கிளம்பினோம். ஒரு வளைவு திரும்பியதும் எதிரே வானத்தில் பாதிக்கு மேல் வெள்ளையாக ஏதோ நின்றது. மேகம் என்றுதான் நினைத்தேன். அடுத்த வளைவிலும் அது அதே இடத்தில் அசையாமல் நின்றது. அண்ணன் வண்டியை ஓரம்கட்டி நிறுத்திவிட்டான். சிட்டு, படத்தில் பார்த்திருக்கிறேன், காலண்டரில் பார்த்திருக்கிறேன், ஆனால் மலை அவ்வளவு பெரியது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கழுத்தை வளைத்துக்கொண்டே போனேன், மலை முடியவே இல்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லாமல் வண்டியை விட்டு இறங்கி நின்றோம். நம் வீட்டில் அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று உனக்குத் தெரியும்.

விடுதியை நடத்துகிறவர்களுக்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று அடிவாரத்தில், நீ படம் அனுப்பினாயே அது. வாசல்வரை கார் வரும், ஒரு படிகூடக் கிடையாது. இன்னொன்று மலையின் தோளில், மேகத்துக்குள் இருக்கிறது, ரோப் காரில்தான் போக முடியும். நான் வந்தது கீழ் விடுதிக்காகத்தான். நிர்வாகம் செய்கிற அம்மாள் என்னைவிடச் சின்னவள், கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு பம்பரமாகச் சுற்றுகிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போய்க் குளியலறைக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தேன், கட்டில் உயரம் பார்த்தேன், கதவு அகலத்தை என் கையால் சாண் போட்டு அளந்தேன், அவள் முகத்தில் பொறுமை கரைந்துகொண்டே இருந்தது. கடைசியில் அந்தக் கண்ணாடி அறைக்கு வந்தோம். இதமான சூடு, வரிசையாக நாற்காலிகள், மடியில் கம்பளியும் கையில் கோப்பையுமாக நாலைந்து பெரியவர்கள் மலையை அண்ணாந்து பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அப்படியே மனம் குளிர்ந்துவிட்டது. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் வாசலிலேயே நின்றார். “ஆபரேஷன் தியேட்டர் வெளியில உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கு” என்றார். அவ்வளவுதான், தடியை ஊன்றிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் இன்னும் இரண்டு குளியலறை பார்த்துவிட்டு வந்தால் ஆளைக் காணோம். எனக்கு உயிரே இல்லை. பனியில் அவருடைய தடி குத்திய புள்ளிகள் வரிசையாக ரோப் கார் நிலையத்துக்குப் போயிருந்தன. போய்ப் பார்த்தால் அதை இயக்குகிறவரோடு தோள்மேல் கை போடாத குறையாகப் பேசிக்கொண்டிருக்கிறார். கம்பி எவ்வளவு தடிமன், காற்று எவ்வளவு வந்தால் நிறுத்துவீர்கள், மேலே யார் சிக்னல் கொடுப்பது, இப்படி. என்னைப் பார்த்ததும் அந்த ஆள், முன்பே பேசி வைத்தது போல, ரோப் கார் பெட்டியின் வேகத்தை நடைவேகத்துக்கும் கீழே குறைத்தார், உன் அப்பா நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்து, நான் ஐயோ என்பதற்குள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். தனியாக விட முடியுமா? நானும் ஏறினேன். உயரம் என்றாலே எனக்கு ஆகாது, நாற்காலியில் ஏறிப் பல்பு மாட்டக்கூட அண்ணனைக் கூப்பிடுகிறவள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “இன்னும் மேகத்துக்குள்ளதான் இருக்கோம், ஒண்ணும் தெரியாது, கண்ணைத் திற” என்றார். திறந்தேன். சுற்றிலும் வெள்ளை. பால் பாத்திரத்துக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரி. அப்புறம் பெட்டி சட்டென்று வெளியே வந்தது.

எப்படி எழுதுவேன். மேகம் எங்களுக்குக் கீழே தரை மாதிரி பரந்து கிடந்தது. வெயில் அதன் மேல் அடித்துக் கண் கூசியது. தூரத்தில் மலையுச்சிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. ஒரு சத்தம் இல்லை. பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை, நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், கண்ணில் தண்ணீர் தானாக வந்தது. அப்பா மெதுவாகச் சொன்னார், “கிரேன் மேல இருந்து இப்படித்தான் தெரியும். பனிக்காலத்துல காலையில ஏறினா ஊரே இருக்காது. தூரத்துல இன்னொரு கிரேன் தலை மட்டும் தெரியும். அதுக்குள்ளயும் ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். ரெண்டு பேரும் கையை ஆட்டிக்குவோம்.” இத்தனை வருஷத்தில் இதை அவர் சொன்னதே இல்லை சிட்டு. ஏன் சொல்லவில்லை என்றேன். “சொன்னா நீ பயப்படுவ. எவ்வளவு உயரம்னுதான் கேட்ப” என்றார். உண்மைதான். அவர் கிரேன் ஓட்டக் கிளம்பும் ஒவ்வொரு காலையும் அவர் எங்கிருந்து விழுந்துவிடுவாரோ என்றுதான் என் மனம் ஓடியது. அங்கே அவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும். விழுந்த பிறகு, அதுவும் வீட்டு வாசலில் நோய் வந்து விழுந்த பிறகு, நாலாவது மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு அவரைக் கொண்டுவந்தோம். நல்லதுதான் செய்தோம். ஆனால் அன்றிலிருந்து அவர் எதையுமே மேலிருந்து பார்க்கவில்லை என்பது அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

மேல் விடுதி சின்னது. மரக்கட்டைச் சுவர், தடித்த ஜன்னல், வாசலில் ஒரு நீள பெஞ்சு. அந்த வாசலிலிருந்தே சறுக்குச் சரிவு தொடங்குகிறது. பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு பெண் எங்கள் முன்னால் காலில் சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு, இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டி, அந்த வெள்ளைக்குள் இறங்கினாள். வளைந்து வளைந்து, பேனா பிடித்து எழுதுகிற மாதிரி, புள்ளியாகும்வரை போனாள். உன் உயரம்தான் இருப்பாள். அப்பா அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் மறைந்த பிறகுதான் பேசினார். “கீழ உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கறதுக்குன்னா நான் வரல. இங்க உட்கார வைப்பேன்னா வரேன். என் பொண்ணு இறங்கறதை நான் மேல இருந்து பார்க்கணும்” என்றார். வெட்கமும் இல்லை ஒன்றும் இல்லை பார், நான் போட்ட சார்ட்டில் அவருக்கு இடம் தப்பு.

ஆனால் எனக்குள் இருக்கிற நர்ஸ் சும்மா இருப்பாளா? சாயங்காலத்தோடு ரோப் கார் நின்றுவிடும். அதற்கப்புறம் ஒரு அவசரம் என்றால்? கீழே வந்ததும் கம்பளித் தொப்பி அம்மாளைப் பிடித்துக்கொண்டேன். பனியில் ஓடுகிற வண்டி ஒன்று மேலேயே நிற்கிறதாம், முதலுதவி அறை இருக்கிறதாம், ஆக்ஸிஜன் உருளையைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டேன். திரும்பி வந்து டாக்டரிடம் போனோம். அவர் ரத்த அழுத்தம் பார்த்து, இதயம் பார்த்து, அந்த உயரம் பரவாயில்லை, குளிரில் ரொம்ப நேரம் உட்காராமல் மாத்திரையைத் தவறாமல் போட்டால் போகலாம், ஆனால் முழு உத்தரவாதம் தர முடியாது என்றார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் யோசித்தேன். எந்த வார்டிலும் நான் இப்படி ஒரு அபாயத்துக்குக் கையெழுத்துப் போட்டதில்லை. நேற்றுக் காலையில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தார். நான் போய் விடுதிக்குப் போன் செய்து, எட்டுப் பேர், ஏழு நாள், மேல் விடுதி என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

ஆகவே புது ஏற்பாடு இதுதான். நீங்கள் நாலு பேரும் வாசலிலேயே கட்டையை மாட்டிக்கொண்டு இறங்கலாம். அண்ணி வெந்நீர்க் குளத்துக்கும் கடைக்கும் காலையில் ரோப் காரில் கீழே போவாள், அண்ணன் அவளோடு போய்க் கற்றுக்குட்டிகள் சரிவில் விழுந்துவிட்டு வருவான், மதியம் எல்லோரும் மேலே அந்த பெஞ்சுக்கு வந்துவிட வேண்டும். பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் இல்லாமல் ஒரு அடி நகரக் கூடாது. உன் பழைய சிவப்புச் சட்டையை மறக்காமல் எடுத்து வா, வெள்ளையில் அதுதான் அவர் கண்ணுக்குத் தெரியும். உனக்குக் கொடுக்க என்ன இருக்கிறது என்னிடம், நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும், கால் எங்கே வைத்தாலும் தரை உறுதியாக இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இறங்கும்போது திரும்பிப் பார்க்காதே, பாதையைப் பார். கீழே, அவர் கண்ணுக்கு எட்டுகிற இடத்தில் நின்ற பிறகு திரும்பிக் கையை உயர்த்திக் காட்டு. மறந்துவிட்டு மேகத்துக்குள் போய்விடாதே. கிரேனில் இருந்த காலமெல்லாம், சுமை தரையைத் தொட்டாலும் கீழே நிற்கிறவர் கையைக் காட்டாமல் அப்பா கம்பியைத் தளர்த்தியதே இல்லை. உன் கையைப் பார்க்கிறவரை அந்தக் குளிரில் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டார், நான் இழுத்தாலும் வரமாட்டார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போகும்,
உன் அம்மா