மதகடியில் நாற்பத்தெட்டு

அக்டோபர் 6, திங்கள்

டிப்போ சுவரில் மார்க் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். முப்பத்து நான்கு டிரைவர்களில் நான் முப்பத்து மூன்றாவது. கடைசி இடம் கண்ணுசாமிக்கு. அவர் கால் முறிந்து லீவில் இருக்கிறார்.

இருபத்தாறு வருடம். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடித்ததில்லை. டாஷ்போர்டுக்குக் கீழே மாட்டிய பெட்டி சொல்கிறதாம் — அரசப்பன் டீசலை வீணாக்குகிறான், பிரேக்கை மிதிமிதியென்று மிதிக்கிறான் என்று. மாதக் கடைசியில் இருபதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ரூட் கிடையாது, ஷெட்டில் வண்டி நகர்த்தும் வேலைதான் என்கிறார் மேனேஜர். என்னையா? ஷெட்டிலா?

அக்டோபர் 7

பயிற்சி கொடுக்க வந்திருப்பவள் பெயர் ஹாஃபிஸா. என் மகள் வயது. கும்பகோணத்திலிருந்து கடைசி ஊர் வரை லேப்டாப்போடு என் பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

"சார், ஸ்டாப்பு தூரத்துலயே தெரியுதுல்ல. அப்பவே ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுத்துடுங்க. வண்டி தானா வந்து நிக்கும்."

எனக்கே பாடமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு காலை எடுத்தேன். வண்டி தானாக வந்துதான் நின்றது. பிரேக்கை லேசாகத் தொட்டதோடு சரி. அவள் சொன்னது சரியாகப் போனதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

அக்டோபர் 11

இருபத்து நான்கு. இன்னும் நான்கு இடம்.

அக்டோபர் 14

மழை. எப்போதும் நிறுத்துகிற மதகடியில், நடவு முடித்த பெண்கள் பத்துப் பேர், சேறு காயாத காலோடு நின்று கை காட்டினார்கள். இறங்க யாரும் இல்லை. நிறுத்தினால் மறுபடி ஃபர்ஸ்ட் கியரிலிருந்து வண்டியை இழுக்க வேண்டும். அதையும் அந்தப் பெட்டி எழுதிக்கொள்ளும். போய்விட்டேன்.

கண்டக்டர் அஸார் விசிலடித்தான். பின்னால் வண்டி வருகிறது என்றேன். எந்த வண்டி? அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான்.

அக்டோபர் 18

ஒன்பது. மதகடி வந்தால் அஸார் இப்போது விசிலை எடுப்பதே இல்லை.

அக்டோபர் 24

முதலிடம். மேனேஜர் சால்வை போட்டார். எப்படிச் சாதித்தேன் என்று எல்லோருக்கும் சொல்லச் சொன்னார். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும் கதையைச் சொன்னேன். கை தட்டினார்கள். தட்டாதவன் அஸார் ஒருவன்தான். வந்த ஆத்திரத்துக்கு அவனை அடித்திருப்பேன். என்னோடு வண்டியில் வருகிறவன் என்னை அப்படிப் பார்ப்பானா?

அக்டோபர் 25

மதகடியில் நிறுத்தாமல் போவதை ஹாஃபிஸாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் மேப்பைத் திறந்தாள். மதகடியில் வேகம் நாற்பத்தெட்டு. நிற்காமல் போன ஒன்பது நாளும் அதே நாற்பத்தெட்டு.

"ஸ்மூத்தா ஓட்டியிருக்கீங்கன்னு நான்தான் சார் மார்க் போட்டேன். மேப்புல அங்க ஸ்டாப்பே இல்ல. எனக்குத் தெரியாது."

அவளுக்குத் தெரியாது. பெட்டிக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே! இருபத்தாறு வருஷமா நின்ன எடம். யார் மேல கோவப்படுறது? த்தூ, நானெல்லாம் ஒரு டிரைவரு.

அக்டோபர் 27

மதகடியில் நிறுத்தினேன். ஒருவரும் இல்லை. தலைக்கு இருபது ரூபாய் கொடுத்து மினி லாரியில் போகிறார்களாம். அஸார்தான் சொன்னான்.

அக்டோபர் 28

நிறுத்தினேன். ஆள் இல்லை. எதற்கு நிற்கிறது என்று ஒரு பயணி கேட்டார். வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லிக் கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்தார்?

அக்டோபர் 30

எல்லா ஸ்டாப்பிலும் நிற்கிறேன். பட்டியலில் பத்தொன்பதுக்கு வந்துவிட்டேன். நாளை மாதக் கடைசி.

மதகடியில் தங்கமணி மட்டும் நின்றிருந்தார். நடவுக்கு ஆள் கூட்டிக்கொண்டு வருகிறவர். நிறுத்தினேன். ஏறியவர், அஸார் கிழித்துக் கொடுத்த பெண்களுக்கான இலவசச் சீட்டை வாங்காமல் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டினார்.

"ஓசி டிக்கெட்டுன்னுதானே நிக்காம போனாரு. இந்தாங்க, நாங்க எல்லாருமே காசு குடுத்துடுறோம். நாளைக்கு நிப்பாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

அப்படியா நினைத்திருக்கிறார்கள்? அதற்காக இல்லை என்று எப்படிச் சொல்வது? நான் செய்தது அதைவிட எந்த விதத்தில் மேல்?

நிற்பேன் என்று திரும்பாமலே சொன்னேன். அஸார் அந்த நோட்டை வாங்கவில்லை. அவர் அதை மடியில் செருகவும் இல்லை. இறங்கும்வரை கையிலேயே வைத்திருந்தார்.