கலாவுக்கு வெள்ளிக்கிழமை வேண்டாம்

என் ஒரே தங்கை எஸ்தருக்கு,

நீ இறந்தது செவ்வாய்க்கிழமை. நினைவு அட்டையில் புதன் என்று அச்சிட்டுவிட்டார்கள். ஒவ்வோர் அட்டையையும் பேனாவால் திருத்திய பிறகே கொடுத்தேன். அழவில்லை. இன்றுவரை அழுகை வரவில்லை. சாப்பிடுகிறேன், மாத்திரை போடுகிறேன், வியாழக்கிழமைகளில் பருத்திப்பட்டு மையத்துக்குப் போகிறேன்.

அங்கே உன் ஏற்பாடு அப்படியே நடக்கிறது. வீட்டில் அடிபட்டு வரும் பெண்களின் பேச்சைக் கேட்பது உன் வேலையாக இருந்தது. டாக்டர், வக்கீல், பள்ளிக்கூடம், விடுதி என்று அவர்கள் போகவேண்டிய இடங்களுக்கு நாள் குறிப்பது என் வேலை. தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவனை அதில் இழுத்துவிட்டவள் நீதானே.

நடந்ததை ஒருத்தி இங்கே ஒரே முறைதான் சொல்ல வேண்டும் என்பது உன் விதி. மற்ற இடங்களில் நீயே உடன்போய் அவளுக்காகப் பேசுவாய். அப்புறம், யார் வந்தாலும் எந்தக் கிழமை வேண்டாம் என்று கேட்பாய். "அண்ணா, கலாவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் எதுவும் வெச்சிடாதீங்க" என்றாய். வைக்கவில்லை. காரணமும் கேட்கவில்லை.

ஆனால் எஸ்தர், அந்த ஒரே முறை சொன்னதைக் கேட்டவளே போய்விட்டால் என்ன செய்வது என்று நாம் இருவருமே யோசிக்கவில்லையே?

உன் இடத்துக்கு நித்யா என்ற பெண் வந்திருக்கிறாள். நல்ல மாதிரி. முதல் நாள் கலாவிடம், "ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க" என்றாள்.

"அதான் அக்காகிட்ட சொல்லிட்டேனே."

"அக்கா இப்ப இல்லையேம்மா."

"அப்போ அதுவும் இல்ல" என்று எழுந்து போனவள், அடுத்த வியாழன் வரவில்லை.

மாதக் கடைசிக்குள் மையம் பரிந்துரைத்தால்தான் கலாவுக்கும் அவள் மகளுக்கும் விடுதியில் இடம் நீடிக்கும். இல்லையென்றால் அந்த வீட்டுக்கே திரும்ப வேண்டும். "வாயே திறக்காதவங்களுக்கு நான் என்னன்னு சார் எழுதறது?" என்று நித்யா கேட்டாள். நியாயமான கேள்வி.

சனிக்கிழமை காலை விடுதிக்குப் போனேன். ஆண்களுக்கு உள்ளே அனுமதியில்லை, கேட்டருகே நின்றேன். கலா குடத்தோடு வந்தாள்.

"இன்னா அய்யா, நீங்களும் கதை கேக்க வந்துகிறீங்களா?"

"இல்லம்மா. நாள் சொல்ல வந்தேன். வியாழன், பதினொரு மணி."

"வந்து? மறுபடியும் அதையே வாந்தி எடுக்கணுமா?"

"எனக்குத் தெரியல. நாள்தான் தெரியும்."

"நல்லா வந்தீங்க, நடக்கற காலண்டர் கணக்கா" என்று சிரித்துவிட்டாள்.

அவள் சொன்னதை நித்யாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அவள் பேனாவை மூடி வைத்தாள். "சரி சார், இப்ப என்ன வேணும்னு மட்டும் கேக்கறேன்" என்றாள்.

வியாழன் கலா வந்தாள். அறைக் கதவில் தாழ்ப்பாள் சரியில்லை, மகள் கதவைப் பார்த்தபடியே படுத்திருக்கிறாள், தூங்குவதில்லை, இவ்வளவுதான் சொன்னாள். பரிந்துரைக்கு அதுவே போதும் என்று நித்யா எழுதினாள். இடம் நீடித்தது. புதுத் தாழ்ப்பாளும் போட்டாயிற்று.

அன்று போகும்போது கலா என் மேசையருகே நின்றாள். நான் தயாரானேன். துக்கம் விசாரிக்க வந்த எல்லோரும் கேட்டார்களே: எப்படி ஆச்சு, எத்தனை மணிக்கு, டாக்டர் என்ன சொன்னார். அத்தனை பேருக்கும் முதலிலிருந்து, கிழமை பிசகாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அது வேறு யார் வீட்டிலோ நடந்ததுபோல் ஆகிவிட்டது.

கலா அதையெல்லாம் கேட்கவில்லை.

"அய்யா, உங்களுக்கு எந்தக் கெழம வாணாம்?"

"செவ்வாய்" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

நாள் குறிக்கும் வேலை என்னிடம் இருக்கும்வரை கலாவுக்கு வெள்ளியன்று எதுவும் வைக்கமாட்டேன். எனக்கும் செவ்வாயை விட்டுவைக்கிறேன். அன்று யாராவது வந்து உன்னைப் பற்றிக் கேட்டால், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.

சேக்காட்டிலிருந்து,
உனக்கு மூத்தவனாகப் பிறந்து, உனக்குப் பின்னும் இருக்கிற அண்ணன்,
தேவசகாயம்