சம்பந்தி வீட்டுக் காடி

6 ஜூலை 2025, ஞாயிறு

மாப்பிள்ளையின் அப்பா அங்கமுத்து வந்திருந்தார். கல்யாணம் ஆவணிக் கடைசியில். அதற்குள் என் மகள் ஷாந்தினிக்கு ஒரு கார், எங்கள் பேச்சில் காடி, வாங்கித் தருவதாக நான்தான் வாயைக் கொடுத்திருந்தேன். புக்கிட் ரம்பாய் ஃபேக்டரிக்கு அவள் தினமும் ஓட்டிப் போக வேண்டும்.

"வெளிய எதுக்கு தேடிக்கிட்டு? என் காடிய எடுத்துக்குங்க சம்பந்தி. ஆடி பொறக்கறதுக்குள்ள பேர் மாத்திடலாம்லா" என்றார். எனக்கு வாயெல்லாம் பல்.

அவர் வாசல் தாண்டியதும் மகள் ஆரம்பித்தாள். "அங்கிள் காடிதான். இருந்தாலும் வெளி ஆள வச்சு செக் பண்ணிட்டு வாங்கலாம்ப்பா."

சம்பந்தி காடியை! வெளி ஆளை வச்சு!

7 ஜூலை

என் மனைவி பவானி காலையிலேயே பிடித்துக்கொண்டாள். பொண்ணு கொடுக்கிற வீட்டைச் சந்தேகப்படுவதா, கல்யாணத்துக்கு முன்பே மூஞ்சியை முறித்துக்கொள்வதா என்று ஒரே பாட்டு. அவள் பேசுவது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

ஷாந்தினி விடவில்லை. "தினேஷ் எப்படின்னு அவங்க குடியிருக்கற தாமான்ல நாலு வீட்ல விசாரிச்சீங்க. ஜாதகத்த ரெண்டு ஜோசியர்கிட்ட காட்டினீங்க. மாப்பிள்ளைய செக் பண்ணலாம், காடிய பண்ணக்கூடாதா?"

கத்தினேன்.

9 ஜூலை

அங்கமுத்துவுக்கு மூன்று தடவை போன் போட்டு மூன்று தடவையும் கேட்க வாய் வராமல் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். அரசாங்கச் சோதனை பாஸானால்தானே பேர் மாற்றுவார்கள், அது போதாதா என்று மகளிடம் கேட்டேன்.

"அது பேர் மாத்தறதுக்குப்பா. நான் ஓட்டறதுக்குக் கேக்கறேன்."

இந்த வீட்டில் எனக்கு நிம்மதி கிடையாது.

12 ஜூலை, சனி

பொய் சொன்னேன். கோயிலில் பூஜை போட வேண்டும், ஒரு நாள் காடி வேண்டும் என்று அங்கமுத்துவிடம் கேட்டேன். சாவியோடு தேங்காயும் கொடுத்து அனுப்பினார், பாவம். பொய்யாகிவிடக் கூடாதே என்று நிஜமாகவே பூஜையும் போட்டேன். செக் பண்ணுவதற்கு முன்பே பூஜை போட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பிறகு கிளேபாங் பக்கம் ஒரு சீனப் பையனின் பட்டறை. காடியை மேலே தூக்கினான். முன்பக்கச் சட்டம் இரண்டு இடத்தில் ஒட்டு. கருவியை மாட்டினான், முகம் சுளித்தான், ஸ்டீரிங் மூடியைக் கழற்றிக் காட்டினான். ஏர்பேக் இருக்க வேண்டிய இடம் காலி. டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்காதபடி ஒயரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

"ஓட்டலாம் அங்கிள். எதுலயும் மோதாம இருந்தா சரி" என்றான் மலாயில். டயரில் எலுமிச்சம்பழச் சாறு இன்னும் காயவில்லை.

13 ஜூலை

அங்கமுத்து வீட்டுக்குப் போனேன். பட்டறை ரிப்போர்ட்டை நீட்டினேன்.

"கோயிலுக்குன்னுதானே கேட்டீங்க?"

ஆமாம். எனக்கும்தான் வெட்கம். அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடைசியில் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்பு தினேஷ்வரன் லோரி ஒன்றின் பின்னால் கொண்டுபோய் விட்டானாம். பொண்ணு வீட்டுக்குத் தெரிந்தால் தப்பாக நினைப்பார்கள் என்று மூடிவிட்டார்கள். ஆனால் ஏர்பேக் என்றதும் எகிறினார். "புதுசு போட்டதுக்குப் பில்லு வச்சிருக்கேன்!" ஓடிப்போய் எடுத்தும் வந்தார். பில் இருக்கிறது. அப்போது ரிப்பேர் செய்த பட்டறைக்காரன்தான் போடாமல் ஏமாற்றியிருக்கிறான்.

அவர் மனைவி குஞ்சம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றார். "அப்ப ரெண்டு வருஷமா நாம அதுலதான் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் போய் வந்தோமா?"

அந்த மனுஷன் மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

14 ஜூலை

கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறாள் ஷாந்தினி.

"தினேஷ் காடிய இடிச்சதுக்கு கோவம் இல்லப்பா. என்கிட்ட கூட சொல்லலையே. இன்னும் என்னென்ன இருக்கோ?"

பவானி என்னைத்தான் திட்டுகிறாள். காடியைப் பார்க்கப் போய்க் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனாம். பார்க்காமல் வாங்கியிருந்தால்? என் பொண்ணு அதில் உட்கார்ந்திருப்பாளே! இதை எப்படித்தான் இவளுக்குச் சொல்வது?

17 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

வாங்குவது ஆவணியில்தான், பார்ப்பதற்கு என்ன ஆடி என்று வேறொரு காடியோடு கிளேபாங்குக்குப் போனோம், நானும் மகளும். பட்டறையில் எங்களுக்கு முன்பே அங்கமுத்துவும் தினேஷ்வரனும் நின்றிருந்தார்கள். வரச் சொன்னது பவானியாம். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாளா?

அங்கமுத்து ஒரு ஃபைலை என்னிடம் நீட்டினார். விபத்து அன்றைய போலீஸ் ரிப்போர்ட், தினேஷின் ஆஸ்பத்திரிச் சீட்டு, வாங்கிய டிராஃபிக் சம்மன்கள் வரை எல்லாம் இருந்தன. "படிச்சுப் பாருங்க சம்பந்தி. இதுக்கு மேல எங்ககிட்ட ஒண்ணுமில்ல."

"எதுக்குங்க இதெல்லாம்" என்று நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோது ஷாந்தினி ஃபைலை வாங்கிக்கொண்டாள். கடைசித் தாள் வரை நிதானமாகப் படித்தாள். தினேஷ் கைகட்டி நின்றான். சீனப் பையன்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

மூடித் திருப்பிக் கொடுத்தாள். "சரிங்க மாமா" என்றாள்.

இதுவரை அங்கிள்தான்.

நாளைக்கு அச்சகத்துக்குப் போக வேண்டும்.