உடைக்காமல் எழுதிய எண்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனாரிடமிருந்து கடிதம் என்றதும் பதற வேண்டாம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. உங்கள் அத்தை நலம். என் ரத்த அழுத்தம் ஒரு மாதமாக ஏறிக்கொண்டே போய், நேற்று மத்தியானத்திலிருந்து இறங்கியிருக்கிறது. அது ஏன் இறங்கியது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. முப்பத்தோரு வருடம் லேபில் ரிஜிஸ்டர் எழுதிய கை, எழுதிவிடும்.

முதலில் நல்ல சேதி. நம் கம்பெனிக்குச் சான்றிதழ் திரும்பக் கிடைத்துவிட்டது. இன்று காலையிலிருந்து சிமென்ட் மூட்டையில் மறுபடியும் தர முத்திரை அச்சாகிறது. எப்போது போயிற்று என்று கேட்பீர்கள். போய் ஒரு மாதம் ஆகிறது. போனதற்குக் காரணம் நான். உங்களுக்குத் தெரிந்ததையும் விளக்கி எழுதினால் சிரிக்காதீர்கள், என் மகள் உங்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படிப்பாள். அவளுக்குச் சிமென்ட் என்றால் அப்பா சட்டையில் ஒட்டியிருக்கும் தூசி, அவ்வளவுதான்.

ஒரே தடவையில் அரைத்த சிமென்ட்டை லாட் என்போம். ஒவ்வொரு லாட்டிலும் கொஞ்சம் எடுத்து மணலோடு குழைத்துச் சின்னச் சின்ன க்யூப்களாக வார்த்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறோம். மூன்றாம் நாள் சிலது, ஏழாம் நாள் சிலது, கடைசி மூன்று இருபத்தெட்டாம் நாள் மெஷினில் வைத்து உடைக்க வேண்டும். கடைசி மூன்றும் குறைந்தது நாற்பத்து மூன்று மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்கினால்தான் முத்திரைக்குத் தகுதி. ஆனால் அந்த இருபத்தெட்டு நாளும் சரக்கு காத்திருப்பதில்லை. ஏழாம் நாள் எண் நன்றாக இருந்தால் மூட்டை கிளம்பிவிடும்.

ஏழாம் நாள் எண்ணைப் பார்த்தும், பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தும் இருபத்தெட்டாம் நாள் எண்ணை நான் சொல்லிவிடுவேன். ஒன்றிரண்டு முன்னே பின்னே வரும். அதை வித்தை என்று நினைத்திருந்தேன். எப்போதோ மெஷின் பழுதான ஒரு நாளில் உடைக்காமலே எண்ணை எழுதினேன். பிறகு வேலை நெருக்கிய நாளிலெல்லாம் எழுதினேன். மீதி உங்களுக்குத் தெரியும். அதற்குக் கீழே கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றவர், அப்போது என் லேபிலேயே வேலை பார்த்த நீங்கள்தானே.

அன்று நீங்கள் சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "மாமா, எண் சரியாவே இருக்கட்டும். உடைக்காம எழுதினா அது பொய்தான்." பேக்கிங் ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முளைத்து மூன்று இலை விடவில்லை, எனக்குப் பாடம் நடத்த வந்துவிட்டீர்களா என்று கேட்டேன். பெண்ணைக் கொடுத்தவன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த மாதமே நீங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போய்விட்டீர்கள்.

போன மாதம் சான்றிதழ் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். நம் வீட்டுப் பெண் வயதுதான் இருக்கும். நாற்காலி வேண்டாம் என்றார், டீ வேண்டாம் என்றார். ரிஜிஸ்டரை மட்டும் கேட்டார். பக்கங்களைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்துவிட்டு, உடைக்கும் மெஷினைச் சரிபார்க்க வெளியே அனுப்பியதற்கான தாளைக் கேட்டார். அதில் மெஷின் போன தேதியும் வந்த தேதியும் இருந்தன. நேராகத் தொட்டிக்குப் போனார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் துழாவி, அந்த லாட் எண் போட்ட மூன்று க்யூபை எடுத்து வந்து என் ரிஜிஸ்டர் மேலேயே வைத்தார். தண்ணீர் பட்டு மை கலங்கியது.

"சார், இது நாலு நாள் முன்னாடியே உடைஞ்சதா எழுதியிருக்கீங்க. முழுசா இருக்கே" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

நடந்தது இதுதான். மெஷின் வெளியே போயிருந்த நாட்களில் அந்த லாட்டின் இருபத்தெட்டாம் நாள் வந்தது. ஐம்பத்தொன்று என்று எழுதி வைத்தேன். மெஷின் வந்ததும் பேருக்கு உடைத்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன், மறந்துவிட்டேன். முப்பது வருடம் ஆகியும் ஒழுங்காகப் பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை பாருங்கள்.

முத்திரை அடிப்பதை அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டார். முத்திரை இல்லாத மூட்டையை எந்தக் கடைக்காரர் வாங்குவார்? ஆலை நின்றது. ஐம்பத்தாறு பேர் ஷெட்டில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலாளி ஒன்றே ஒன்று கேட்டார், இது எத்தனையாவது முறை என்று. எண்ணவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

தொட்டியில் இருந்த க்யூபுக்கு நாள் கடந்துவிட்டதால் அதை உடைத்துப் பயனில்லை என்றார் அதிகாரி. அந்த லாட்டின் மாதிரியில் ஒரு பங்கை சீல் வைத்து அலமாரியில் வைத்திருப்போம் அல்லவா, அதை எடுத்துத் தன் கண் முன்னால் வார்க்கச் சொன்னார். தொட்டிக்கும் சீல் வைத்தார். இருபத்தெட்டு நாள் கழித்து வருகிறேன், அதற்குள் அந்த லாட்டின் ஒவ்வொரு மூட்டையும் எங்கே போயிற்று என்று தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நம் மொத்த வியாபாரி, 'ரசீது அண்ணன்', ஞாபகம் இருக்கிறாரா? கல்யாணப் பத்திரிகை வைத்தாலும் ரசீது கொடுப்பார் என்று நாம் கேலி செய்வோமே, அவர்தான். தன் கடைக்கு வாங்கிய தரச் சான்றின் விதிப்படி ஒவ்வொரு ரசீதிலும் லாட் எண்ணை எழுதி வைத்திருக்கிறார். அரை மணி நேரத்தில் நானூறு மூட்டைக்கும் விலாசம் சொல்லிவிட்டார். கொஞ்சம் சுற்றுச்சுவருக்கும் கொஞ்சம் வீட்டுப் பூச்சுக்கும் போயிருந்தது. இருநூற்று நாற்பது மூட்டை, புதிதாகக் கட்டுகிற பிரசவ ஆஸ்பத்திரியின் முதல் மாடித் தளத்துக்கு.

மாப்பிள்ளை, அந்த விலாசத்தை மட்டும் அவரை மறுபடி சொல்லச் சொன்னேன். ஆலையைப் பற்றி, வேலையைப் பற்றி, மானத்தைப் பற்றியெல்லாம் அதுவரை கவலைப்பட்டேன். அதன் பிறகு அந்தத் தளம் ஒன்றுதான் கவலை. அதன் கீழேதான் பிரசவ வார்டு வரப்போகிறது.

முடிவு தெரியும்வரை மேலே கட்ட வேண்டாம் என்று வேலையை நிறுத்தியிருந்தார்கள். நான் தினமும் சாயங்காலம் அங்கே போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். என்ன தெரியும் என்று போனேனோ, எனக்கே தெரியாது. முட்டுக் கம்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மேஸ்திரி ஒரு நாள் யாரென்று விசாரித்தார். சிமென்ட் கம்பெனிக்காரன் என்றேன். மனிதர் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "கவலைப்படாதீங்க சார். சுத்தியால தட்டிப் பாத்துட்டேன். முப்பது வருஷ அனுபவம், சத்தத்துலயே தெரிஞ்சிடும் எனக்கு."

நல்ல மனிதர். ஆனால் அவர் சொன்னதை நான் ஒரு துளிகூட நம்பவில்லை. நீ தட்டினால் ஆயிற்றா, சோதித்துப் பார்த்தாயா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. வீட்டுக்கு நடந்து வருகிற வழியில்தான் உறைத்தது. இத்தனை வருடம் நானும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்? வேறொருவர் வாயிலிருந்து கேட்டபோது அதற்கு நாலு காசு மதிப்பில்லை.

நேற்று இருபத்தெட்டாம் நாள். அதிகாரி வந்து சீலைப் பிரித்தார். முதல் க்யூபை மெஷினில் வைத்தார்கள். எண் ஏறிக்கொண்டே போனது. நாற்பதைத் தாண்டியதும் என்னால் பார்க்க முடியவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். உடைகிற சத்தம் கேட்டது. நாற்பத்து நான்கு புள்ளி ஆறு. அடுத்தது நாற்பத்து மூன்று புள்ளி ஒன்பது. மூன்றாவது நாற்பத்து நான்கு புள்ளி ஏழு.

தேறிவிட்டது. மயிரிழையில் தேறிவிட்டது. நான் எழுதிய ஐம்பத்தொன்று எங்கே, இது எங்கே? அலமாரியில் இருந்த மாதிரி நாள்பட்டுக் கொஞ்சம் வலு குறைந்திருக்கலாம் என்று அதிகாரி எனக்காகச் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம். என் கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இன்னும் ஒரு எண் குறைந்திருந்தால் அந்தத் தளத்தை இடிக்கச் சொல்லியிருப்பார்கள். இந்தச் சோதனையே நடக்காமல், ஒரு நாள் அது தானாக... அதற்கு மேல் எழுத வேண்டாம்.

தொட்டி அருகே போய் முகம் கழுவுகிற சாக்கில் அழுதேன். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, எனக்கு வெட்கமாகவும் இல்லை. பேக்கிங் ஆட்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். மேஸ்திரி, நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்றார். சரி, அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. லேப் பொறுப்பை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்குக் கீழே வேலை பழகிய அந்தப் பெண்தான் இப்போது பொறுப்பு. அவரை நான் மேடம் என்று கூப்பிட்டால் பாவம், நெளிகிறார். இனி ரிஜிஸ்டரில் இரண்டு கையெழுத்து. உடைந்த துண்டுகளை மறுநாள் வரை எறியக் கூடாது. நான் இன்று காலையிலிருந்து பேக்கிங்கில் மூட்டை எடை பார்க்கிறேன். ஐம்பது கிலோ என்றால் தராசு காட்டிய பிறகுதான் எழுதுகிறேன். நேற்று ராத்திரி பசி எடுத்தது, தூக்கமும் வந்தது.

உங்களைத் திரும்ப அழைக்கலாமா என்று முதலாளி கேட்டார். வேண்டாம் என்றேன். அங்கே நல்ல லேபில் நல்ல பெயரோடு இருக்கிறீர்கள், அப்படியே இருங்கள். இந்தக் கடிதம் வேலைக்காக எழுதியதில்லை.

பெரியவர்கள் சின்னவர்களிடம் மன்னிப்புக் கேட்டால் சின்னவர்களுக்கு ஆகாது என்கிறாள் உங்கள் அத்தை. ஆகவே நான் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் அவள் அம்மாவிடம் பேசும்போது நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன். பேப்பரில் ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் படிப்பேன். பேரன் ஏதோ சத்தம் போடுவது சுவர் வழியாகக் கேட்கும். வருகிற ஞாயிறு, அப்பாவிடம் ஃபோனைக் கொடு என்று அவளைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். எனக்குப் பேச வராவிட்டாலும் போகிறது, அவன் சத்தத்தைக் கிட்டத்தில் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்